நேர்த்தி வருடத்து மீன் பொரியல்

ஒஸ்லோவில் ட்ராம் வளைந்து திரும்புகிற ஒரு மூலையில் அந்தக் கடை இப்போதும் இருக்கிறது. நான் பஸ் ஓட்டுபவன். வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது அந்த மூலையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தாண்டும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். பஸ் ஓட்டுகிறவன் அப்படித் திருப்பக்கூடாதுதான். ஆனால் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கொதி ஏறுகிறது. கொதியோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பதைவிட முகத்தைத் திருப்புவது பரவாயில்லை.

மீனும் கிழங்குப் பொரியலும் விற்கிற கடை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் நோர்வேப் பெண்ணைக் கட்டி வந்து தொடங்கியது. அந்த நாட்களில் என் பஸ்ஸுக்கு அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் கடைசித் தரிப்பு. பத்து நிமிட ஓய்வில் இறங்கி நின்றால் பொரியல் வாசம் வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். ஒரு நாள் போய் வாங்கினேன். தொர்ஸ்க் மீன், தடித்த துண்டு. மேல் மா மொறுமொறுவென்று உடைய, உள்ளே மீன் வெள்ளை வெள்ளையாய் இதழ் பிரிந்து வந்தது. நான் தீவுப் பகுதியில் பிறந்தவன், மீனில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற தலைக்கனம் அன்றும் இருந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது. அந்தத் தலைக்கனத்தோடுதான் சொல்கிறேன், அது நல்ல மீன். அடுத்த சனிக்கிழமையே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று தொடங்கிய பழக்கம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தவறாது. நாங்கள் இருக்கிற ரொம்சோஸில் சுரங்க ரயில் ஏறி, இறங்கி, ட்ராம் பிடித்து, ஜன்னலோர மேசையில் போய் உட்காருவோம்.

இரண்டாயிரத்து நான்காம் வருடத் தொடக்கத்தில் எங்கள் மகன் பிறந்தான். அவசரக்காரன், ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டான். என் ஒரு கைக்குள் அடங்குவான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று சொல்வது ஏனென்றால் முதல் வாரங்களில் தூக்க விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் வயருமாய்க் கிடந்தான். ஒரு நாள் தாதி வந்து, இன்று இரவு எப்படிப் போகிறது என்று பார்ப்போம் என்று சொன்னாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

அந்த அறையில் வைத்துத்தான் மனைவி எங்கள் நாட்டு மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்தால் ஒரு வருடம் முழுக்க இறைச்சி தொடமாட்டேன் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு மார்ச் மாத மத்தியானம், பிள்ளையைச் சுற்றிக் கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திய பிறகுதான் எனக்கே சொன்னாள்.

"இண்டையிலிருந்து ஒரு வருசம் நான் இறைச்சி சாப்பிடமாட்டன், சொல்லிப்போட்டன்" என்றாள்.

"நீரோ?" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு ஆட்டிறைச்சி என்றால் உயிர். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"சிரியாதேங்கோ. மீனையும் விடத்தான் நினைச்சனான். பிறகு உங்கட சனிக்கிழமைக் கடையை நினைச்சன். பாவம், தனியப் போய் இருந்து தின்னப்போறியள் எண்டு அதை மட்டும் விட்டுவைச்சனான்."

அப்படி எனக்காக விட்டுவைத்த மீன் அது. இதை யாரும் மறந்துவிடக்கூடாது.

அந்த வருடம் அவள் இருந்த கட்டுப்பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நாற்பது பேருக்கு ஆட்டுக் கறி அவள்தான் காய்ச்சினாள். நத்தார்ப் பண்டிகைக்கு இறைச்சி றோல் உருட்டியதும் அவள்தான். ஒரு துளி நாக்கில் படவிடவில்லை. அகப்பையை என் பக்கம் நீட்டி, "உப்புப் பாருங்கோ" என்பாள். நான் நக்கிப் பார்த்து, "கணக்காயிருக்கு" என்பேன். கறி வாசத்துக்குள் நின்று பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டாள். தவக்காலம் என்றால் மற்றவர்களுக்கு நாற்பது நாள். அவளுக்கு அந்த வருடம் முழுவதும் தவக்காலம்.

வெளியே போனால் அவளுக்குக் காவல் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. தமிழ்க் கடைக்குப் போனால் வடைக்கு முன்னால் குறுக்கு விசாரணை நடக்கும். "தம்பி, றோல் பொரிச்ச சட்டியிலயோ உதைப் பொரிச்சனியள்?" "இல்லை அண்ணை, வேற சட்டி." "எண்ணெய்?" "வேற எண்ணெய் அண்ணை." "அகப்பை?" ஒரு நாள் கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், "அண்ணை, நீங்கள் சாப்பிட வந்தனீங்களோ, இல்லாட்டி கேஸ் பதிய வந்தனீங்களோ?" என்று கேட்டேவிட்டார். பாகிஸ்தான்காரரின் கடையில் மரக்கறிச் சமோசா வாங்கும்போது குசினிக்குள் எட்டிப் பார்த்து, அங்கே நின்றவரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். கலியாண வீடுகளில் சமையல்காரர்கள் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள்.

மீன் கடையில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. அங்கே இருந்த ஒரே சிக்கல் பட்டாணி. பட்டாணி மசியலுக்கு மேலே பன்றி இறைச்சிப் பொடியைத் தூவித் தருவார்கள். முதல் முறையே மனைவி கல்லாவில் நின்ற பெண்மணியிடம் விளக்கமாய்ச் சொன்னாள். பிள்ளைக்காகக் கடவுளிடம் கொடுத்த வாக்கு, ஒரு வருடம் எந்த இறைச்சியும் கூடாது என்று. அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். பிள்ளை வண்டிலுக்குள் எட்டிப் பார்த்து மகனின் கன்னத்தைத் தொட்டார். அதற்குப் பிறகு நாங்கள் வாசலில் நுழையும்போதே, "உங்களுக்கு இறைச்சி இல்லாமல், எனக்குத் தெரியும்!" என்று சத்தமாய்ச் சொல்லுவார். எனக்குத் தெரியும் என்று சொன்னார். இந்தச் சொல்லையும் யாரும் மறந்துவிடக்கூடாது.

அந்தக் கோடை முடிய இங்கிலாந்துக்காரர் கடையை விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போனார். வாங்கியவன் ஒரு இளம் நோர்வேக்காரன். இங்கிலாந்தின் வடக்கில் சில வருடம் வேலை செய்து இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவனாம். கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தான்: முதலாளி மட்டும் புதிது, மற்றதெல்லாம் பழையபடி. அதே மேசை, அதே கடதாசிப் பெட்டி, கல்லாவில் அதே பெண்மணி. நாங்கள் போய் அதே ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

முதல் கடியிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"இஞ்சேரும், ருசி ஏறியிருக்கு" என்றேன்.

"அப்பிடியே? எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"உமக்கு எங்க தெரியப்போகுது! கிழங்கைக் கடிச்சுப் பாரும். என்ன மொறுமொறுப்பு! இவன் தொழில் தெரிஞ்சவன்."

ஏறிய ருசிக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போதவில்லை. ஒவ்வொரு சனியும் போனோம். பஸ் ஓட்டுகிற கூட்டாளிகளிடம் சொன்னேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற சனத்திடம் சொன்னேன். எங்கள் சனத்தில் ஐந்தாறு குடும்பமாவது என் பேச்சைக் கேட்டு அங்கே போயிருக்கும். மகன் திட உணவு சாப்பிடத் தொடங்கியபோது, மனைவி மேல் மாவை உரித்து, உள்ளே இருந்த மீனை விரலால் நசுக்கி அவனுக்கும் ஊட்டினாள்.

பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே காலளவு பனி. நேர்த்தி முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. மனைவி அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். நேர்த்தி முடிகிற நாளில் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை கிலோ ஆட்டிறைச்சி என்று ட்ராமில் வரும்போதே கதைத்துக்கொண்டு வந்தாள். கடையில் கூட்டம் இல்லை. புது முதலாளியே எங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நான் மீன் தெரிந்தவன் என்று அவனுக்குக் காட்டவேண்டாமா?

"நான் இந்தக் கடைக்குப் பல வருடமாய் வருகிறேன். உன் கைக்கு வந்த பிறகுதான் இந்த ருசி. அப்படி என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்துபோனது. "நீங்கள் ஒருவர்தான் கண்டுபிடித்தீர்கள்!" என்றான். கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளே ஓடினான். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான், வெள்ளை நிறத்தில், சவர்க்காரக் கட்டி மாதிரி, செங்கல்லளவு ஒன்று. எங்கள் மேசையில், மனைவியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மாட்டுக் கொழுப்பு. சுத்தமான மாட்டுக் கொழுப்பு! இங்கிலாந்தில் பழைய முறை இதுதான். பழைய முதலாளி செலவைப் பார்த்துத் தாவர எண்ணெய்க்குப் போய்விட்டார். நான் வந்த முதல் நாளே எண்ணெயை எல்லாம் தூக்கிவிட்டேன்."

மனைவியின் வாயில் கிழங்கு இருந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கடதாசித் துண்டை எடுத்து வாயில் இருந்ததை அதற்குள் எடுத்தாள். அதை நான்காய் மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மகனின் வாயையும் துடைத்தாள். ஜக்கெட்டைப் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. வண்டிலைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எந்த மொழியில் கொட்டுவதென்று தெரியவில்லை. பாதி நோர்வேஜியனிலும் பாதி தமிழிலும் கத்தினேன். "கதவில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறாய்? மற்றதெல்லாம் பழையபடி என்றுதானே? எது பழையபடி? என் மனைவி இறைச்சி சாப்பிடுவதில்லை என்று இந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்!"

அவன் திகைத்துப்போய் நின்றான். "ஆனால் இது மீன்தானே?" என்றான். "நீங்கள் சாப்பிட்டது மீன். கொழுப்பு வெறும் பொரிக்கிறதுக்கு."

வெறும் பொரிக்கிறதுக்கு! வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். நான் கல்லாவுக்குப் போனேன். அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நேரே கேட்டேன். "உனக்குத் தெரியும் என்றாயே? ஒவ்வொரு முறையும் சொன்னாயே? எண்ணெயை மாற்றியது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் மெதுவாக. "ஆனால் அதை நான் யோசிக்கவில்லை. பட்டாணியை மட்டும்தான் யோசித்தேன். மன்னித்துக்கொள்." மறுபடியும் கண் கலங்கினார். பிள்ளையின் கதை கேட்டபோது கலங்கிய அதே கண். எனக்கு அதைப் பார்க்க இன்னும் எரிச்சல் கூடியது. கலங்குகிற கண்ணுக்கு ஐந்து மாதமாய் ஒரு சொல் சொல்ல வாய் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். கள்ளன், ஏமாற்றுக்காரன், இவனைச் சும்மா விடமாட்டேன், பேப்பரில் போடுவேன். ரயிலில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. மனைவி வண்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ரொம்சோஸில் இறங்கி மின்தூக்கிக்குள் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"மாதா பிள்ளையைத் தந்திட்டா. நான் ஒண்டும் குடுக்கேல்லை" என்றாள்.

"விசர்க்கதை கதையாதேயும். தெரிஞ்சே சாப்பிட்டனீர்? தெரியாமச் செய்தது எப்பிடிப் பிழையாகும்?"

அவள் வண்டிலுக்குள் குனிந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க, ஒரு நாளில் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் இல்லை. தும்மினால்கூட அவளுக்கு முகம் வெளிறிவிடும்.

தமிழ்ப் பூசைக்கு வருகிற பாதரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாய்க் கேட்டார். "பிள்ளை, திருச்சபைச் சட்டப்படி பாத்தாலும் கொழுப்பில பொரிச்சது இறைச்சி சாப்பிட்டதாகாது. அதோட உங்களுக்குத் தெரியவும் தெரியாது. உங்கட நேர்த்தி நிறைவேறிட்டுது. மனசைக் குழப்பாதேங்கோ" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

"சரி பாதர்" என்றாள் மனைவி. வெளியே வந்து சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அது சபையின்ர சட்டம். மாதாவோட கதைச்சது நான். ஒரு வருசம் எண்டு சொன்னனான். முதல்ல இருந்து தொடங்கப்போறன்."

"இன்னும் ஒரு வருசமோ?"

"ஓம்."

"மூண்டு கிழமைதானே இருந்தது!"

"ஓமப்பா, எனக்குத் தெரியும். நான்தானே எண்ணிக்கொண்டிருந்தனான்."

கூப்பிட நினைத்திருந்த சனத்துக்கு ஒவ்வொருவராய்ப் போன் எடுத்து, விருந்து இல்லை என்று சொன்னாள். காரணம் சொல்லவில்லை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், நோர்வேஜியனில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிள்ளை பிறந்ததில் தொடங்கி, கண்ணாடிப் பெட்டி, நேர்த்தி, பட்டாணி, கதவில் ஒட்டிய வாசகம் எல்லாம் எழுதினேன். இனிமேலாவது எதில் பொரிக்கிறாய் என்று கதவில் எழுது என்று முடித்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. உங்களுக்கு ஏமாற்றம் ஏற்பட்டதற்கு வருந்துகிறோம் என்று ஒற்றை வரி. கூடவே இரண்டு கூப்பன். இருவருக்கு இலவசச் சாப்பாடு.

கூப்பன்! என் மனைவியின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டு, திரும்பவும் அதே கொழுப்பில் பொரித்துத் தருகிறேன், வா என்று கூப்பிடுகிறான். நான் குசினிக்குள் நின்று கூப்பனைக் கிழித்தேன். கிழித்ததைத் திரும்பவும் கிழித்தேன். "இவங்களுக்கு மனிசரைப் பற்றி ஒரு அக்கறை இருக்கே? கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதே? கண்டறியாத மீனும் கிழங்கும்!" என்று கத்தினேன்.

மனைவி பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆர் கேட்டது?" என்றாள்.

"என்ன?"

"கேட்டிருந்தால் எண்டு சொல்லுறியள். ஆர் கேட்டது? தமிழ்க் கடையில எண்ணெய்ச் சட்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்தனீங்கள். அந்தப் பாகிஸ்தான் மனிசனிட்டப் பேச்சும் வாங்கினீங்கள். இஞ்சை ருசி மாறினதெண்டு முதல் கடியிலயே கண்டுபிடிச்சது நீங்கள்தானே. ஏன் மாறினதெண்டு அண்டைக்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?"

"அது... வெள்ளைக்காரன்ர கடை. எல்லாம் ஒழுங்கா இருக்கும் எண்டு..."

"ஓ" என்றாள். திரும்பவும் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள்.

அந்த "ஓ" எனக்குள் கன நாள் கிடந்து அரித்தது. எங்கள் ஆட்களின் கடையில் கேட்க எனக்கு வெட்கம் இருக்கவில்லை. அவர்களை நான் நம்பவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவரையும் பொய்யன் மாதிரி நடத்தினேன். அவர்களில் ஒருவராவது எனக்குப் பொய் சொன்னதில்லை. இங்கே ஒரு வெள்ளைக்காரப் பெயர்ப்பலகையையும் சுத்தமான மேசையையும் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு தின்றேன். தின்றதோடு விடாமல் பாராட்டினேன். இதற்காகக் கடைக்காரனை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கதவில் பழையபடி என்று எழுதியது அவன். தெரியும் தெரியும் என்று வாசலிலேயே கூவியது அந்தப் பெண்மணி. அவர்களுக்கு உரிய கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் ஒதுக்கவேண்டி வந்தது.

அந்த இரண்டாவது வருடம் நானும் சேர்ந்து இறைச்சியை விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்களிட்ட மாதா ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் விட்டால் உப்பு ஆர் பாக்கிறது?" என்றாள்.

அப்படியே மற்ற வருடமும் போனது. பிறந்தநாள்கள் வந்தன, நத்தார் வந்தது. அவள் காய்ச்சினாள், நான் அகப்பையை நக்கிக் "கணக்காயிருக்கு" என்றேன், சனம் சாப்பிட்டது. சனிக்கிழமைகளில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே மீன் பொரித்தாள், புதுப் போத்தல் எண்ணெயில். மகன் நடந்தான், ஓடினான், கதைக்கத் தொடங்கினான்.

நேர்த்தி முடிந்த அடுத்த நாள் வீடு நிறையச் சனம். கோயில் ஆட்கள், பக்கத்து வீட்டார், நான் விசாரணை செய்து வதைத்த தமிழ்க் கடைக்காரர் குடும்பம்கூட. அவரைக் கூப்பிட்டது மனைவி. மேசையில் ஆட்டுக் கறியும் ஒரு மலை றோலும். எல்லோரும் சாப்பிடாமல் நின்றார்கள், முதல் றோல் அவளுக்கு என்று. இப்போது சனத்துக்குக் காரணம் தெரியும், அவளே சொல்லியிருந்தாள். மகன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். அவள் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டாள். றோலை எடுத்துக் கடித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் இறைச்சி. அவள் கண்ணை மூடி மெதுவாய் மென்று விழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"என்னப்பா, உப்பே இல்லை" என்றாள். "ரெண்டு வருசமும் சனத்துக்கு இப்பிடியே குடுத்தனாங்கள்?"

தமிழ்க் கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குப் போய் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன்.